மூழ்கிய போர்க்கப்பலின் பீரங்கியைத் தூக்குவதற்கு முன் தொட்டி தயாராக வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி இது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட கடலில், மீனவர்களின் வலையில் சிப்பியும் சுண்ணாம்பும் படிந்த கனமான இரும்புத் துண்டுகள் அவ்வப்போது ஏறுகின்றன. 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு மோதிய டச்சுக்காரர்களின் போர்க்கப்பல் ஒன்று அங்கே கிடக்கக்கூடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நம் கரையில் ஆழத்தில் குளித்துச் சிப்பி எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. பளு தூக்கும் படகையும் வாடகைக்கு எடுக்கலாம். பிற நாடுகளில் முழுக் கப்பலையே தூக்கியிருக்கும்போது, நாலு பீரங்கிகளை எடுத்துக் குளச்சல் வெற்றித் தூணுக்கு அருகில் வைப்பதற்கு என்ன தடை?

தூக்குவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. கடலடியில் கிடக்கும் ஓர் இரும்புப் பீரங்கியைக் கரைக்குக் கொண்டுவர, கடல் அடங்கியிருக்கும் ஒரு பகல் போதும். அது பீரங்கியாகவே நிலைக்க வேண்டுமானால், அதன்பின் பல ஆண்டுகள் அதைக் காரநீர்த் தொட்டியில் வைத்து, மின்சாரம் கொடுத்து, உள்ளே ஏறியிருக்கும் உப்பை இறக்கி, உலர்த்தி, பூச்சிட்டு, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய கூடத்தில் காக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதிக்கு இடமும் ஆளும் பணமும் உறுதியாகாமல் முதல் பகுதியைத் தொடங்குவது பொருளை அழிப்பதற்குச் சமம் என்பது, கடலிலிருந்து வந்த உலோகப் பொருள்களோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. இதே மாவட்டத்துக்காரன் என்பதால், ஊரின் ஆசையை நான் அறியாமல் இதைச் சொல்லவில்லை.

முதலில் வரலாற்றைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். குளச்சல் போர் பெரும்பாலும் கரையில் நடந்த போர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கி அரண் அமைத்துக்கொண்டது. திருவிதாங்கூர்ப் படை அதை வளைத்து 1741 ஆகஸ்டில் தோற்கடித்தது. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய் பின்னர் அதே மன்னரின் படைத் தலைவராகி, இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறையில் உறங்குகிறார். எனவே, கடலடியில் இரும்பு கிடைத்தால் அது அந்தப் போரின் கப்பல்தான் என்ற முடிவோடு தேடத் தொடங்கக் கூடாது. கொச்சிக்கும் கொழும்புக்கும் இடையே போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் நம் கரையை ஒட்டித்தான் கடந்தார்கள். போதாக்குறைக்கு, ஒரு தனிப் பீரங்கி கிடைப்பதால் அங்கே கப்பல் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. புயலில் கப்பலின் பாரத்தைக் குறைக்கப் பீரங்கிகளைக் கடலில் தள்ளிவிடுவது அந்நாளில் வழக்கம். உடைந்த பழைய பீரங்கிகளை அடிப்பாரமாக ஏற்றிச் செல்வதும் வழக்கம். கிடைத்த பீரங்கி இவற்றுள் எந்த வகை என்பதை, அது கிடந்த திசையும் அதைச் சுற்றிக் கிடந்தவையும்தான் சொல்லும். அவற்றைக் குறிக்காமல் தூக்கிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பிறகு விடையே கிடையாது.

இனி இரும்புக்கு வருகிறேன். இந்தப் பதிலின் கனம் இங்கேதான் இருக்கிறது. உப்புநீரில் கிடக்கும் இரும்பு மெல்லக் கரைகிறது. கரைந்து வெளியேறும் இரும்பு, சுற்றியுள்ள மணலையும் சிப்பியையும் சுண்ணாம்பையும் பிடித்துக்கொண்டு ஒரு கல் போன்ற பொருக்காகப் பொருளைச் சுற்றி இறுகுகிறது. அதே வேளையில் கடல்நீரின் குளோரைடு எதிர்த்திசையில் நகர்ந்து இரும்பின் உள்ளே குடியேறுகிறது. பழைய பீரங்கிகள் வார்ப்பிரும்பில் ஆனவை. அதில் கரி கிராஃபைட்டாகக் கலந்திருக்கும். மேற்புறத்து இரும்பெல்லாம் கரைந்துபோன பிறகும் அந்தக் கிராஃபைட் வலை அப்படியே நின்று, பீரங்கியின் வடிவத்தையும் அதன் மேலிருந்த முத்திரை, எடைக்குறி, எழுத்துகள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு முழுப் பீரங்கி. தொட்டால் மேற்புறம் கத்தியால் சீவக்கூடிய மென்மை. கம்பெனியின் முத்திரையும், அதன் எந்தக் கிளை அந்தப் பீரங்கியை வாங்கியது என்று காட்டும் எழுத்தும் இருக்குமானால், அவை இந்த மென்மையான அடுக்கில்தான் இருக்கும்.

நீரடியில், பொருக்குக்குள், உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாகக் கிடக்கும்வரை இந்த நிலை பெரிதாக மாறுவதில்லை. மேலே கொண்டுவந்து வெயிலில் வைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. காற்றின் உயிர்வளி உள்ளே நுழைய, குளோரைடோடு சேர்ந்திருக்கும் இரும்பு துருவாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. அமிலம் எஞ்சியிருக்கும் நல்ல இரும்பைத் தின்கிறது. குளோரைடு மீண்டும் விடுபட்டு அதே வேலையைத் தொடர்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் உள்ளிருந்தே வெடிப்பு விழுந்து, அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுகிறது. முதலில் விழுவது முத்திரை இருந்த அடுக்கு. இந்த வேதிவினை சில வேளைகளில் எவ்வளவு வேகமாக நடக்கும் என்றால், நீரிலிருந்து எடுத்த வார்ப்பிரும்புக் குண்டுகள் காற்றுப் பட்டதும் சூடேறியதாக 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் கரையோர ஊர் ஒன்றில் வலையில் வந்த நங்கூரம் ஒன்றைச் சிமெண்டுத் திண்டு கட்டி நிறுத்தி, திருவிழாவுக்குத் திருவிழா அலுமினியப் பெயிண்ட் அடித்து வந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் பெயிண்டுக்கு அடியில் உப்பு தன் வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் தகடு தகடாக உரிந்து, நான் பார்த்தபோது அதன் ஒரு கை மட்டுமே நங்கூரத்தின் வடிவில் இருந்தது. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் விழும் மாவட்டம் இது. கடற்காற்றில் உப்பு எப்போதும் உண்டு. இரும்பைத் திறந்த வெளியில் வைக்க இதைவிடக் கடினமான இடத்தை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரியான முறை இப்படிப் போகும். எடுத்த நொடியிலிருந்து பொருளை உலரவிடாமல் ஈரச் சாக்கால் போர்த்தி, கரை சேர்ந்ததும் காரக் கரைசலில் மூழ்கவைக்க வேண்டும். காரத்தில் துரு அடங்குகிறது. பிறகு பொருக்கைச் சிறிய உளிகளாலும் காற்றழுத்தக் கருவிகளாலும், வாரக்கணக்கில், பொறுமையாக நீக்க வேண்டும். அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம், ஏனென்றால் சிறிய பொருள்களில் இரும்பு முழுவதும் கரைந்துபோய், பொருக்கினுள் அதன் வடிவத்தில் வெற்றிடம் மட்டுமே இருக்கும். அப்படியானால் பொருக்கையே அச்சாகக் கொண்டு எபாக்ஸி பிசினை ஊற்றி, ஆணியையோ கத்திப்பிடியையோ வடித்தெடுக்கிறார்கள். அறியாதவர் கையில் அந்தப் பொருக்கு சுத்தியலால் உடைக்கப்பட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று குப்பையில் போடப்படும்.

பீரங்கியைப் பொறுத்தவரை, பொருக்கு நீங்கியதும் அதைத் தொட்டியில் தொங்கவிட்டு, சுற்றிலும் எஃகு வலையை நிறுத்தி, பீரங்கியை எதிர்மின்முனையாக்கி மிகக் குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். குளோரைடு இரும்பை விட்டு நீருக்குள் வருகிறது. கருவாட்டை ஊறவைக்கும்போது முதல் தண்ணீரிலேயே உப்பு முழுவதும் இறங்கிவிடாமல் தண்ணீரை மாற்றி மாற்றி வைப்பதைப் போலத்தான் இதுவும். ஒவ்வொரு முறையும் கரைசலில் குளோரைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, ஏற்றம் நின்றதும் கரைசலை மாற்ற வேண்டும். புதிய கரைசலிலும் ஏறாத நிலை வரும்வரை இது தொடரும். ஒரு பெரிய பீரங்கிக்கு இது ஆண்டுக்கணக்கில் ஆகும். இதற்கு வேண்டிய நீர் உப்பில்லாத நீர். கடலோர ஊர்க் கிணறுகளின் நீரிலேயே குளோரைடு இருப்பதால் அது உதவாது. அயனி நீக்கிய நீர் வேண்டும், அல்லது உள்நாட்டில் சுத்தமாகச் சேகரித்த மழைநீரைச் சோதித்துப் பயன்படுத்தலாம். மின்சாரம் தடைப்படாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு நீளும் என்பதற்கு அமெரிக்காவின் மானிட்டர் கப்பலைப் பாருங்கள். இரும்புக் கவசமிட்ட அந்தப் போர்க்கப்பல் 1862 டிசம்பர் 31 அன்று வட கரோலினாவின் ஹேட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். 1973-இல் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். கப்பல் தலைகீழாகக் கிடந்தது. அதன் சுழலும் பீரங்கி மேடை உடலுக்கு அடியில் மாட்டியிருந்தது. கடற்படைக் குளிப்பாளர்கள் பல பருவங்கள் உழைத்து, 1998-இல் உந்துவிசிறியையும், 2001-இல் நீராவி எந்திரத்தையும், 2002 ஆகஸ்ட் 5 அன்று இரண்டு பீரங்கிகளோடு அந்த மேடையையும் தூக்கினார்கள். மேடைக்குள் இரண்டு மாலுமிகளின் எலும்புகள் இருந்தன; அவை 2013-இல் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. மேடையோ, 20 ஆண்டுகளுக்கு மேலாகியும், நியூபோர்ட் நியூஸ் நகர அருங்காட்சியகத்தின் தொட்டியில்தான் இருக்கிறது. 1864-இல் மூழ்கிய ஹன்லி என்ற சிறு நீர்மூழ்கியின் கதையும் இதே போன்றது: 2000-இல் தூக்கினார்கள், உள்ளே எட்டு மாலுமிகளும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள், பொருக்கை நீக்கும் முன்னேற்பாடுகள் முடிந்து காரக் குளியல் 2014-இல்தான் தொடங்கியது.

முழுக் கப்பலைத் தூக்கியதாக நீங்கள் குறிப்பிடுவது சுவீடனின் வாசாவும் இங்கிலாந்தின் மேரி ரோசும் என்று எடுத்துக்கொள்கிறேன். வாசா 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் சாய்ந்து மூழ்கியது. 1956-இல் அதன் இடம் தெரிந்தது. அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டி, எஃகு வடங்களை நுழைத்து, 32 மீட்டர் ஆழத்திலிருந்து 16 மீட்டருக்குப் படிப்படியாக நகர்த்தி, 1961 ஏப்ரல் 24 அன்று நீருக்கு மேல் கொண்டுவந்தார்கள். மரம் அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம் பால்டிக் கடலின் உவர்ப்புக் குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே வாழ்வதில்லை. நம் வெதுவெதுப்பான கடலில் அந்தப் புழு வள்ளத்தையும் விட்டுவைக்காது என்பது எந்த மீனவருக்கும் தெரியும். மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்த பலகை மட்டுமே இங்கே பிழைக்கும். ஆகவே வாசாவைப் போன்ற ஒரு முழு உடல் குளச்சல் கடலில் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நீரில் ஊறிய மரத்தின் சிக்கல் வேறு வகை. அதன் உயிரணுக்களின் சுவர் அரிக்கப்பட்டு, உள்ளே நீர்தான் வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீர் ஆவியாகும்போது சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, பலகை சுருங்கி, முறுக்கி, பிளந்துபோகும். அதைத் தடுக்க நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை மெல்லச் செலுத்துகிறார்கள். வாசாவின் மேல் அதை 1962 முதல் 1979 வரை தெளித்தார்கள். 1982 அக்டோபர் 11 அன்று தூக்கப்பட்ட மேரி ரோசுக்கு முதலில் குளிர்ந்த நீரையும், 1994 முதல் 2013 வரை அந்த மெழுகையும் தெளித்தார்கள். அதோடும் முடியவில்லை. 2000-இன் ஈரமான கோடையில் வாசாவின் மரத்தில் அமிலத் திட்டுகள் தோன்றின. துறைமுகச் சேற்றிலிருந்து மரத்தில் ஏறியிருந்த கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் துணையோடு கந்தக அமிலமாக மாறத் தொடங்கியிருந்தது. தூக்கி 39 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வினை அது.

மரத்துக்கு நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைக்கு அருகில் தைக்கல் என்ற இடத்தில் நெல்வயலுக்குள் புதைந்து கிடந்த பழைய மரக்கலத்தைச் சொல்லலாம். ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். நாம் அயினி என்று சொல்லும் ஆஞ்சிலிப் பலகை. இரும்பாணி அடித்துச் சேர்த்தது. சேற்று நீர் அதைப் பல நூற்றாண்டுகள் காத்தது. சேற்றுக்குள் இருந்தவரை அதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதையும், வெளியே வந்த நாளிலிருந்து அதன் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பொறுப்பாளர் தேவை என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெண்கலப் பீரங்கி இரும்பைவிடப் பன்மடங்கு நன்றாகத் தாங்கும், ஆனால் குளோரைடை நீக்காவிட்டால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்கும். பீங்கானையும் மண்பாண்டத்தையும் நல்ல நீரில் ஊறவைத்து உப்பை எடுக்காமல் உலர்த்தினால், உள்ளே உப்புப் படிகம் வளர்ந்து மேற்பூச்சைத் தள்ளிவிடும். தங்கத்துக்கு மட்டுமே இந்தக் கவலை கிடையாது.

எடுக்கும் முறைக்கு வருவோம். ஓர் இடத்தில் கப்பல் இருக்கிறது என்று தோன்றினால், முதலில் ஒலியலைக் கருவியாலும் காந்தமானியாலும் கடலடியை வரைகிறார்கள். பிறகு குளிப்பாளர்கள் இறங்கி, நிலையான குறிகளை நட்டு, சட்டகங்களால் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிழற்படமெடுத்து, மணலை உறிஞ்சு குழாயால் அங்குலம் அங்குலமாக அகற்றுகிறார்கள். எந்தப் பொருளும் எண்ணிட்டு, இடம் குறித்த பிறகே நகர்த்தப்படும். மேரி ரோசில் இப்படி ஏறக்குறைய 28,000 முறை குளித்து 19,000-க்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்தார்கள். கப்பல் மருத்துவரின் அறையும், அங்கிருந்த பெட்டியும், அதன் கருவிகளும் மருந்துச் சாடிகளும் ஒரே இடத்தில் கிடந்ததைக் குறித்ததால்தான் 1545-இல் ஒரு போர்க்கப்பலில் வைத்தியம் எப்படி நடந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. அவற்றையே தனித்தனியாகச் சந்தையில் விற்றிருந்தால், சாடி வெறும் சாடிதான். நம் தமிழகக் கரையிலும் இதற்கு உதாரணம் உண்டு: பூம்புகாருக்கு அப்பால் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஆராய்ந்த கப்பலில் கிடைத்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க முடியாது என்பதை ஒரு பாளத்தின் முத்திரை நிறுவிவிடுகிறது.

நம் ஊர்க் குளிப்பாளர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இனயம், கடியப்பட்டணம் பக்கத்தில் மூச்சடக்கிப் பாறையில் சிப்பி பறிப்பவர்களுக்குத் தெரிந்த நீரோட்டமும் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) அமைப்பும் எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. ஆய்வுக்குழுவில் அவர்கள் சம்பளத்தோடு இடம்பெற வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் இந்த வேலை ஒரு மூச்சில் முடியாது. காற்று உருளையோடு 30 மீட்டர் ஆழத்தில் இருபது நிமிடம் அளவில் இருந்துவிட்டாலே, மேலே வரும் வேகத்தையும் இடைநிறுத்தங்களையும் கணக்கிட்டாக வேண்டும். தவறினால் ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கணக்கில்லாமல் இறங்கிய பலர் நடமாட்டத்தை இழந்திருக்கிறார்கள். தூக்குவதிலும் ஆபத்து உண்டு. ஒன்றரை டன் பீரங்கி நீரில் எடை குறைவது ஏழில் ஒரு பங்கு அளவுதான். அதைத் தூக்கும் காற்றுப்பைக்குள் இருக்கும் காற்று மேலே வர வர விரிவதால், மிகுந்த காற்றை வெளியேற்றும் வாய் இல்லாவிட்டால் பை கட்டுக்கடங்காமல் பாய்ந்து, பட்டை நழுவி, பீரங்கி கீழே இருப்பவர் மேல் விழும்.

உரிமையைப் பற்றிய கேள்வியை ஊரில் யாரும் கேட்பதில்லை; அதைத் தவிர்க்க முடியாது. போர்க்கப்பல் எத்தனை ஆண்டுகள் கடலடியில் கிடந்தாலும் அது தன் நாட்டின் அரசுடைமை என்று பல நாடுகள் வாதிடுகின்றன. 1804-இல் வெடித்து மூழ்கிய மெர்செடஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து ஓர் அமெரிக்கக் கம்பெனி 2007-இல் ஏறக்குறைய 6 லட்சம் நாணயங்களை எடுத்துச் சென்றது; அமெரிக்க நீதிமன்றங்களே ஸ்பெயினின் பக்கம் தீர்ப்பளித்து, 2012-இல் நாணயங்கள் எல்லாம் திரும்பிப் போயின. டச்சுக் கம்பெனியின் கப்பல்களுக்கு நெதர்லாந்து அரசு தன்னை வாரிசாகக் கருதுகிறது. மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் கிடந்த பட்டாவியா முதலிய கப்பல்களுக்காக இரு அரசுகளும் 1972-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவில், 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கப்பல் சிதைவில் கிடைத்ததைத் தன்வசம் வைத்துக்கொள்ளாமல் அதற்கென அரசு அமர்த்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பது கப்பல் சட்டத்தின் நீண்டகால விதி. கடலடி அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையில் 2001 முதல் தனிப் பிரிவு உண்டு. லட்சத்தீவின் பங்காரம் தீவருகே பிரின்சஸ் ராயல் என்ற கப்பலை ஆராய்ந்தவர்கள் அவர்கள். எனவே ஊர்க் குழுவோ ஆர்வலர் சங்கமோ தனியாக இறங்கித் தூக்குவது சட்டப்படி குற்றத்தில் முடியும். இறந்தவர்களின் எலும்புகள் அங்கே இருக்கக்கூடும் என்பதும் என் மனத்தில் முன்னிற்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேரோடு மூழ்கிய ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பலை நினைவுப்பொருள் பொறுக்கும் இடமாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கடலிலேயே விட்டுவிடலாமா? 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, கிடந்த இடத்திலேயே காப்பதை முதல் தெரிவாகக் கருத வேண்டும் என்கிறது. பொதுவாக நானும் அதை ஏற்கிறேன். ஆனால் விட்டுவிடுவதற்கும் காப்பதற்கும் இடையே பெரும் தூரம் உண்டு. ஜாவாக் கடல் போரில் 1942-இல் மூழ்கிய டி ராய்ட்டர், ஜாவா என்ற இரண்டு டச்சுப் போர்க்கப்பல்களை 2016-இல் தேடிச் சென்றவர்கள், அவை கிடந்த இடத்தில் பள்ளத்தை மட்டுமே கண்டார்கள். பழைய உலோகத்துக்காகக் கப்பல்களையே அறுத்துக் கொண்டு போயிருந்தார்கள். நம் கடலில் அவ்வளவு பெரிய களவு நடக்காது என்றாலும், விசைப்படகுகளின் இழுவலை ஒவ்வொரு பருவமும் கடலடியைச் சுரண்டுகிறது. வலையில் துண்டுகள் ஏறுவதே பொருக்கு உடைபட்டுவிட்டதன் அடையாளம். உடைந்த பொருக்குக்குள் அரிப்பு மீண்டும் வேகமெடுக்கும். அந்த இடம் உண்மையில் ஒரு கப்பல்தான் என்றால், அதை ஆவணப்படுத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதில் மீனவர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூழ்கிய கப்பல் காலப்போக்கில் ஒரு பாராகி மீன் கூடும் இடமாகிறது. அந்த இடத்தின் குறியைத் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இன்று ஜிபிஎஸ் கருவியில் சேமித்து வைக்கிறார்கள். அதை அதிகாரியிடம் சொன்னால் மீன்பிடிக்கத் தடை வரும் என்ற அச்சம் நியாயமானது. குறியை ரகசியமாக வைப்பதற்கும், இழுவலையை மட்டும் தடுத்துத் தூண்டிலுக்கு இடம் விடுவதற்கும் எழுத்துப்பூர்வமான உறுதி கொடுக்காமல் அவர்களிடம் தகவல் கேட்பது முறையாகாது.

தொட்டியை எங்கே அமைப்பது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: கடற்கரையில் வேண்டாம். இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற டச்சுக் கப்பலின் பொருள்களைப் பராமரித்த ஆய்வுக்கூடத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி சிதைத்தது. அதே அலை குளச்சலில் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தக்கலை, பத்மநாபபுரம் பக்கம் மேட்டில் இடம் பார்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், இரு மாநிலத் துறைகளும் முதல் நாளிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது; பீரங்கி கரையேறிய பிறகு யாருடைய பொறுப்பு என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தால், அந்த இடைவெளியிலேயே அது உலர்ந்துவிடும்.

என் பரிந்துரை இவ்வாறு அமையும். கடல் அடங்கும் மாதங்களில், ஏறத்தாழ டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே, ஒரு பருவம் எதையும் தொடாமல் கடலடியை வரைந்து படமெடுக்கட்டும். கப்பல் என்று உறுதியானால், தொட்டி கட்டி, நீர் நிரப்பி, மின்சாரம் இணைத்து, சம்பளத்துக்கு ஆள் அமர்த்திய பிறகு, ஒரே ஒரு பீரங்கியை எடுக்கட்டும். மற்றவற்றை மணல் மூட்டையிட்டு மூடிவைக்கலாம். வெற்றித் தூணுக்கு அருகில் வைப்பதற்கு, பொருக்கு நீங்கிய பீரங்கியிலிருந்து அச்செடுத்து கண்ணாடியிழையில் ஒரு நகல் வார்த்துக்கொள்ளலாம். மழையும் உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது, குழந்தைகள் ஏறி விளையாடினாலும் கவலையில்லை. அசல் பீரங்கி, சிகிச்சை முடிந்தபின், ஈரப்பதம் கட்டுப்படுத்திய கூடத்தில் இருக்கட்டும்.

வலையில் வந்த இரும்பு இப்போதே யாருடைய வீட்டுப் பின்புறத்திலாவது கிடந்தால், அதைச் சுத்தியலால் தட்டாமல், கம்பித் தூரிகையால் தேய்க்காமல், ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, 100 லிட்டருக்கு 5 கிலோ அளவில் சலவைச் சோடாவைக் கரைத்து, பொருள் முழுவதும் மூழ்கும்படி வைத்து மூடிவிடுங்கள். சோடாத் தண்ணீர் இரும்புக்கு மட்டும்தான். ஈயம், மரம், பீங்கான் என்றால் வெறும் நல்ல தண்ணீரில் வைத்தால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த நாள், இடத்தின் குறி, ஆழம், வலையின் வகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பொருளின் படத்தோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.